சாவி வைத்திருந்த தையல்காரர்

நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்கும் கருவி ஒன்றை வாங்கி, கடைத்தெருச் சுவரில் மாட்டியது நகராட்சி. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி எதிர்க்கடைத் தையல்காரரிடம் வந்தது.

இருபத்தாறு வருடம் ஊரார் இடுப்பை அளந்த மனிதருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்துவிட்டது. பெட்டி அருகே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தவர்களைக்கூடக் கடையிலிருந்தே அதட்டினார். சாவியைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டி, அலமாரிச் சாவியை யாருக்கும் தெரியாத இடத்தில் ஒளித்தார்.

"உங்களுக்காவது தெரியுமா?" என்று காஜா எடுத்தபடியே கேட்டாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை பேண்டுக்கு அளவு கொடுக்க வந்த அவள் தம்பி, "மாமா, தொடையில கொஞ்சம் லூசா விடுங்க" என்று சொன்ன கையோடு சரிந்து விழுந்தான். மூச்சில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அவன் நெஞ்சை அழுத்த உட்கார்ந்தார்.

"சாவி எங்கங்க?" என்று கத்தினாள் மனைவி.

தையல்காரர் நூல் டப்பாவைக் கவிழ்த்தார். மெஷின் இழுப்பறையைத் துழாவினார். "இங்கதான் வச்சேன், பதட்டப்படாத" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெருவில் கண்ணாடி நொறுங்கியது. இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்றாள் மனைவி.

மூடியைத் திறந்ததும் கருவி பேசியது. மார்பில் ஒட்டச் சொன்னதை ஒட்டினாள். விலகச் சொன்னபோது எல்லாரையும் விலக்கினாள். அழுத்தச் சொன்ன பொத்தானை அழுத்தினாள். அவள் வீட்டில் யாரும் அவளிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் தம்பி முனகினான்.

பத்தாம் நாள் நகராட்சிக் கடிதம் வந்தது. தம்பி பிழைத்தது பற்றி ஒரு வரி இல்லை. பொதுச்சொத்தை உடைத்தது ஏன், பொறுப்பாளரிடம் முறைப்படி சாவி கேட்கப்பட்டதா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

தையல்காரர் இரண்டு முறை படித்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"நீ கேட்ட. நான்தான் குடுக்கல. அப்படியே எழுதிடறேன்."

எழுதிக் கொடுத்தார். பொறுப்பு பறிபோனது. நகராட்சி உடையாத கண்ணாடியில் புதுப் பெட்டி செய்து, சாவியை அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டது.

அக்கா தம்பியிடம் சொன்னாள்: "இனிமே விழறதா இருந்தா அஞ்சு மணிக்குள்ள விழுடா. அதுக்கப்புறம் ஆபீஸ் இருக்காது."