குரோம்பேட்டையில் மூன்று பேர்

தாம்பரத்தில் ரயில் ஏறுவதற்குள் வீட்டிலிருப்பவர்களுக்கான ஜெபத்தை முடித்துவிடுவேன். குக்கர் விசில் அடிக்கும்வரை அம்மா, டிபன் பாக்ஸை மூடும்போது அப்பா. சானடோரியம் ஸ்டேஷனில் நோயாளிகள். குரோம்பேட்டையில் மூன்று பேர். பல்லாவரத்தில் ஆபீஸ் தோழிகள். கிண்டியில் இறங்கும்போது எனக்காக ஒரு வரி. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். வரிசையில் போட்டுவைத்தால்தான் எதுவும் விட்டுப்போகாது என்பது வேலை கற்றுக்கொடுத்த புத்தி. பெண்கள் பெட்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே, பெயரை மட்டும் சொல்வேன். விவரம் சொல்வதில்லை. விவரம் ஆண்டவருக்குத் தெரியும்.

விவரம் சொல்லி ஜெபிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

குரோம்பேட்டையின் மூன்று பேரில் இருவர் அக்காவும் அத்தானும். அவர்கள் வீடு அஸ்தினாபுரத்தில் இருந்ததால் அந்த ஸ்டேஷனில் அவர்களை வைத்திருந்தேன். மூன்றாமவர், எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழுவை நடத்தும் ஆன்ட்டி. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது, அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை.

மழை தொடங்கிய சமயத்தில் அக்கா ஒரே ஒரு பையோடு இரும்புலியூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தான் அறைந்ததில் இடது காதுச் சவ்வு கிழிந்திருந்தது. அம்மா அழுதுவிட்டு, ஆன்ட்டிக்குப் போன் செய்தாள். மறுநாள் காலை ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு ஜெபக்குறிப்பு வந்தது: ‘தாய்வீட்டிற்கு வந்திருக்கும் இரும்புலியூர் மகள் ஒருத்தி தன் கணவரோடு மீண்டும் சேர்ந்து வாழ ஜெபிப்போம்.’ காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“ஏம்மா அவங்ககிட்ட சொன்ன?”

“ஜெபத்துக்குத்தானடி சொன்னேன். பேர் போடலையே.”

“நம்ம சபையில இரும்புலியூர்ல வேற யாரு பொண்ணு வந்து உக்காந்திருக்கா?”

அன்று சாயங்காலமே காய்கறிக் கடையில் குழுப் பெண்மணி ஒருவர், கத்தரிக்காயைப் பொறுக்கியபடி, “என்னம்மா, அக்கா போயிட்டாளா, இன்னும் இருக்காளா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, “ஜெபிச்சிட்டிருக்கோம்” என்றார்.

ஆன்ட்டி அதோடு நிற்கவில்லை. அத்தானின் அம்மாவிடம் பேசி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தான் வந்து அக்காவை அழைத்துப் போவதென்று ஏற்பாடு செய்துவிட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அம்மா, “வரட்டும். நாலு கேள்வி கேட்டுட்டு அனுப்புவோம்” என்றாள். அக்காவின் துணிகளை அம்மாவே மடித்துப் பையில் வைத்து, பீரோ ஓரமாக நிறுத்தினாள். அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் மேலும் கோபம் வந்தது.

அந்த ஞாயிறுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை. வாரம் ஒரு வீடு என்று சுற்றிவரும் ஜெபக்கூட்டம் அந்த வாரம் எங்கள் வீட்டில். ஹாலில் வட்டமாக நாற்காலி போட்டோம். சுண்டல், டீ. கூட்டத்தின் வழக்கம் இது: எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். அதனால் நேரில் சொல்ல முடியாததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிடுவார்கள். இப்படித்தான் ஒரு முறை ஒருவர், ‘பரிமாறப்பட்ட எளிய தேநீருக்காக ஸ்தோத்திரம்’ என்று ஜெபித்து, பிஸ்கட் வைக்காத வீட்டுக்காரியை அழ வைத்தார்.

ஆன்ட்டி தொடங்கினார்.

“கிருபையுள்ள பிதாவே, இந்த வீட்டு மூத்த மகளுக்காகக் கெஞ்சுறோம். அவளுக்குப் பொறுமையைத் தாரும். எதிர்த்துப் பேசுற நாவை அடக்கும். படிப்பினால வந்த பெருமையை எடுத்துப்போடும். நாளைக்கு அவ புருஷனோட சமாதானமா போக உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம்.”

ஆமென் என்றார்கள். அம்மாவின் குரலும் அதில் இருந்தது. நான் கண்ணைத் திறந்தேன். ஆன்ட்டியின் கண் ஏற்கெனவே திறந்திருந்தது. அக்காவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது என் முறை. என் வாயில் வந்து நின்றது ஜெபம் அல்ல. ரயிலில் சொல்வதுபோல் பெயர்களை மட்டும் சொல்லி முடித்துக்கொண்டேன்.

பிறகு அக்கா. வலது காது வட்டத்தின் பக்கம் இருக்கும்படி சற்றுத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்பதுபோன்ற சாதாரணக் குரல்.

“ஆண்டவரே, ஆன்ட்டி எனக்காகக் கேட்ட பொறுமை எனக்கு வேணாம். அதை ஆன்ட்டியோட பொண்ணுக்கும் குடுத்துடாதீங்க. அவளுக்கு ரெண்டு காதும் நல்லா கேக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் கேக்குது. நாளைக்கு நான் போகலை. ஆமென்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. காய்கறிக் கடையில் என்னிடம் கேட்ட பெண்மணி கண்ணைத் திறந்து அக்காவின் காதையே பார்த்தார். பிறகு சமையலறை வாசலிலிருந்து அம்மா ஆமென் என்றாள்.

ஆன்ட்டி எழுந்துவிட்டார். “ஜெபத்துல சண்டை போடுறதா? இது என்ன பழக்கம்? பிள்ளையை இப்படித்தான் வளர்த்தியா?”

“நீங்கதானக்கா ஆரம்பிச்சு வெச்சீங்க” என்றாள் அம்மா. “டீ ஆறுது. குடிச்சிட்டுப் போங்க.”

அவர் குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, “நாளைக்கு அவன் வந்து நிக்கும்போது தெரியும்” என்றார். அவர் கேட் தாண்டுவதற்கு முன்பே அம்மா அத்தான் வீட்டுக்குப் போன் போட்டு, எல்லோர் எதிரிலும், “நாளைக்கு வர வேணாம்” என்று சொல்லி வைத்துவிட்டாள். பையிலிருந்த துணியை அக்காவே எடுத்து பீரோவில் அடுக்கினாள். ஜெபக்கூட்டம் நடத்தும் வீடுகளின் சுற்றிலிருந்து எங்கள் வீடு கழன்றுகொண்டது.

இப்போது அக்கா குக்கர் விசிலுக்கு வந்துவிட்டாள், அம்மாவோடு. அத்தானின் பெயரைக் குரோம்பேட்டையில் இன்னும் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆன்ட்டியின் பெயரையும் எடுக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எடுத்துவிட்டால் என் ஜெபத்தில் யார் இருக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்ததாக ஆகிவிடும். ரயில் அங்கே கொஞ்ச நேரம்தான் நிற்கும். அவருக்கு அவ்வளவு போதும்.