ஹார்ன் அடித்தால் நின்றுபோகும் அம்பாசடர்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த தனுஷ்கோடிக்கு மெக்கானிக்குகளைக் கண்டால் ஆகாது. காதால் கேட்டே இன்ஜினின் நோயைச் சொல்கிறவர்களை அவர் கிளி ஜோசியர்களோடு சேர்த்து வைத்திருந்தார். ஆனால் அவர் வாங்கியிருந்த எழுபத்து நாலாம் வருஷத்து அம்பாசடருக்கு அந்த எண்ணம் தெரியவில்லை. மாதம் ஒருமுறை கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்து, சுயம்புலிங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் அவரை நிறுத்தியது.

சுயம்புலிங்கம் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டைக் கழற்றி, வாயில் வைத்து ஊதிவிட்டு, "வயசாயிருச்சு அண்ணாச்சி, இனி இப்படித்தான்" என்பார்.

"வயசு கார்புரேட்டருக்கா, ஒனக்கா?" என்று கேட்டுவிட்டு வருவார் தனுஷ்கோடி.

தொண்ணூற்றாறில் மில் வேலையாகக் கோயம்புத்தூர் போனவர், பழைய இரும்புக் கடையில் ஒரு சாமானைப் பார்த்தார். விபத்தில் நொறுங்கிய வெளிநாட்டுக் காரில் கழற்றியது. கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், கை தடிமனுக்கு ஒரு வயர்க் கட்டு, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கம்ப்யூட்டர். பிள்ளையைத் தூக்குவதுபோல மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார்.

"கார்புரேட்டர் குத்துமதிப்பா ஊத்துது. இது அளந்து தெளிக்கும். எம்புட்டு வேணும்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணிக்கிடும்" என்று மனைவி நாச்சியாரிடம் விளக்கினார்.

"அப்ப நீங்க எதுக்கு?" என்றாள் நாச்சியார். அவள் நகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர்.

எட்டு மாதம் வீடு வீடாக இல்லை. எந்த வயர் எங்கே போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்து, நம்பர் எழுதிய துண்டுச் சீட்டுகளைக் கூடம் முழுக்கப் பரப்பியிருந்தார். சீட்டு பறந்துவிடும் என்று சித்திரை வெயிலில் ஃபேன் போடத் தடை. மில் லேத்காரரைக் கெஞ்சி, இன்ஜெக்டரைப் பழைய இன்ஜினில் உட்கார்த்த ஒரு தகடு கடைந்து வாங்கினார். டேங்கிலிருந்து பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்ப ஒரு மோட்டார், மிஞ்சியது திரும்பிவர ஒரு குழாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. வழியவில்லை, இருமவில்லை. தனுஷ்கோடி நேராகச் சுயம்புலிங்கத்தின் கடை வாசலுக்கு ஓட்டிப் போய், நிறுத்தாமல் மூன்று சுற்று சுற்றினார். மூன்றாவது சுற்றில் ஒரு வெள்ளாடு குறுக்கே வந்தது. ஹார்ன் அடித்தார். இன்ஜின் நின்றுபோயிற்று.

மறுபடி கிளப்பினார். மறுபடி அடித்துப் பார்த்தார். மறுபடி நின்றது. சுயம்புலிங்கம் வெளியே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் நின்று தள்ளிவிட்டார். அந்த மௌனம்தான் தனுஷ்கோடியை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

கோளாறு பிடிபடவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டார்: ஹார்ன் அடிப்பதில்லை. அறுபது பிள்ளைகளை அடக்கும் குரல் பக்கத்து சீட்டிலேயே இருக்கும்போது ஹார்ன் எதற்கு? நாச்சியார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏலே, ஒதுங்கு!" என்று சத்தம் போட, இரண்டு மாதம் வண்டி ஓடியது.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போனார்கள். மடவார் வளாகம் தெருவில் சைக்கிள்காரர் ஒருவர் நடுரோட்டை விட்டு நகராமல் போய்க்கொண்டிருந்தார்.

"ஏலே கிறுக்குப்பயலே, ரோடு ஒங்கப்பன் வீட்டுதா?" என்றாள் நாச்சியார்.

சைக்கிள் பதறி வாய்க்காலுக்குள் இறங்கியது. முழங்கால் வரை சேற்றோடு திரும்பிப் பார்த்தவர் அவளுடைய பள்ளித் தலைமையாசிரியர்.

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். வீடு போய்ச் சேர்ந்ததும்தான் வாய் திறந்தாள். "ஒண்ணு நாளைக்கே சுயம்புலிங்கத்துக்கிட்டப் போங்க, இல்ல நான் இந்த வண்டியில ஏறமாட்டேன். ஸ்கூலுக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

மறுநாள் தனுஷ்கோடி போனார். சுயம்புலிங்கம் ஹார்னை அடிக்கச் சொல்லிக் கேட்டார். கம்ப்யூட்டரை ஒருமுறை பயத்தோடு பார்த்துவிட்டு, அதைத் தொடாமல் கருப்பு வயர்களைத் தடவிக்கொண்டே போனார். ஹார்னின் எர்த் வயரும் கம்ப்யூட்டரின் எர்த் வயரும் பாடியில் ஒரே போல்ட்டில் முடுக்கியிருந்தன. போல்ட்டுக்கு அடியில் தடிமனாகப் பெயின்ட்; கரண்ட் சரியாகத் திரும்ப வழியில்லாமல், ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்துபோயிருந்தது. கம்ப்யூட்டர் வயரைக் கழற்றி நேரே இன்ஜினில் முடுக்கினார். பாடியில் இருந்த பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டினார்.

"இப்ப கிளப்பிட்டு அடிங்க."

ஹார்ன் அலறியது. இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

எர்த் சரியில்லை என்று இருபது வருஷமாக மில்லில் எத்தனையோ பேரைத் திட்டித் தீர்த்தவர் தனுஷ்கோடி. வண்டியை விட்டு இறங்கி, சுரண்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"மில்லுல எர்த்தெல்லாம் நல்லாயிருக்கா அண்ணாச்சி?" என்றார் சுயம்புலிங்கம்.

"ஏலே, போதும்லே" என்றார் தனுஷ்கோடி. ஆனால் எழுந்து போகவில்லை. செத்த நேரம் கழித்து அவரே டீ சொன்னார்.

அடுத்த வருஷம் வத்திராயிருப்புத் தோப்புக்காரர் ஒருவரின் ஜீப்பை இருவரும் சேர்ந்து இன்ஜெக்டருக்கு மாற்றினார்கள். அந்த வேலை முடிவதற்குள் இருவருக்கும் சண்டை வந்து நான்கு முறை பேச்சு நின்றது. ஃபாக்டரியிலேயே இன்ஜெக்‌ஷன் வைத்த புதுக் கார் ஒன்று முதல்முறையாகப் பழுதாகி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது, சுயம்புலிங்கம் மில்லுக்கு ஆள் அனுப்பினார். தனுஷ்கோடி அரை நாள் லீவு போட்டுவிட்டு, மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சாயங்காலம் கார்க்காரர் வந்து பார்க்கையில், இருவரும் பானட்டுக்குள் தலையை விட்டபடி கத்திக்கொண்டிருந்தார்கள். வண்டி எப்போது கிடைக்கும் என்று அவர் கேட்டது ஒருவர் காதிலும் விழவில்லை.