பன்னைக் கண்டால் உட்காரும் ராணி

இன்று ஆவடியில் நாய்த்தீனி விற்கும் ஒரு கடையில் கிரேஹவுண்ட் நாய்க்குட்டியோடு ஒருவர் நின்றிருந்தார். "அடிக்காதீங்க சார். சொன்னதைச் செஞ்சா ஒரு துண்டு பிஸ்கட் குடுங்க, போதும்" என்றார் கடைக்காரர்.

தொண்ணூறுகளில் சேக்காட்டில் எங்களிடமும் ஒரு கிரேஹவுண்ட் இருந்தது. மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் அப்பாவிடம் விட்டுப்போன நாய். பெயர் ராணி. கையை ஓங்கினாலே கட்டிலுக்கடியில் போய் நடுங்கும். நான் பன்னைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தே பழக்கினேன். பன்னைக் கண்டால் உட்கார்ந்து கை கொடுக்கும்.

ஒரு சாயங்காலம் ராணியைக் காணோம்.

தெருமுனை டீக்கடைக்காரர் சொன்னார்: "ஒருத்தன் சைக்கிள்ல வந்து பன்னக் காட்னான் நைனா. ராணி அவன் முன்னாடி குந்திக்கினு கைய குட்த்துச்சு. உனுக்குத் தெரிஞ்சவன்னு நென்ச்சேன். அவன் பின்னாலயே ஓடிப்போச்சு."

வேப்பம்பட்டு வரை தேடினோம். கிடைக்கவில்லை.

"ரெண்டு அடி வாங்கியிருந்தா ஆளைக் கண்டு பயந்திருக்கும்" என்றார் அப்பா.

இன்று அந்தக் குட்டியும், முன்பின் தெரியாத கடைக்காரர் நீட்டிய பிஸ்கட்டுக்கு அழகாக உட்கார்ந்தது.

எல்லார் கையும் நம் கை இல்லை என்பதை நாய்க்கு எந்த பிஸ்கட்டைக் கொடுத்துச் சொல்லித்தருவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.