அமைச்சரோடு சிரித்த முகம்

ஊர்காவற்றுறைச் சந்தை வாசலில் தலைவர் காரை விட்டு இறங்கியபோது ஒருவர் அவர்மேல் வெற்றிலை எச்சிலைத் துப்பினார். பள்ளிக்கூடம் விட்டு நாரந்தனை பஸ்ஸுக்காக நின்ற நான் அதைக் கண்ணால் கண்டேன். வெள்ளை வேட்டியில் சிவப்பாக வழிந்ததை அவர் குனிந்து பார்த்தார். துடைக்கவில்லை. "துரோகி, திரும்பிப் போ!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவர் மேடையேறி, குடிதண்ணீரைப் பற்றியும் படகுச் சேவையைப் பற்றியும் பேச வந்ததைப் பேசி முடித்துவிட்டே போனார்.

பாராளுமன்றத்தில் தமிழருக்காகப் பேசிய கட்சிக்கு அவர்தான் தலைவர். கட்சியே பகிஷ்கரித்திருந்த கொழும்பு விருந்தொன்றுக்கு அவர் போயிருந்தார். எங்களை எந்நேரமும் திட்டித் தீர்க்கும் ஓர் அமைச்சரின் கையைப் பிடித்தபடி அவர் சிரித்த படம் பத்திரிகையில் வந்தது. பதவிக்கு விலைபோய்விட்டார் என்று நாடே பேசியது. அந்தச் சிரிப்பு எதற்கென்று எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் என் அண்ணையையும் வேறு சில பொடியன்களையும் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அம்மா யாழ்ப்பாணம் போய்த் தலைவர் வீட்டு விறாந்தையில் விழுந்து அழுதார். அவர், "ஒரு வழிதான் இருக்குப் பிள்ளை. போய்ப் பாக்கிறன்" என்றாராம். விருந்து முடிந்த மறுவாரம் அண்ணை வீடு வந்தார். நகங்கள் இல்லாத விரல்களால் சோற்றைப் பிசைய ஏலாமல் இருந்தவருக்கு அம்மாதான் ஊட்டிவிட்டார்.

சந்தையில் நடந்ததை நான் வந்து சொன்னதும் அம்மா மறுபடியும் தலைவரிடம் ஓடினார். "ஐயா, ஏன் போனனீங்கள் எண்டு சனத்துக்குச் சொல்லுங்கோவன்" என்று கெஞ்சினார்.

"சொன்னா அந்த அமைச்சருக்குத் தன்ரை ஆக்களிட்டை மரியாதை போயிடும். பிறகு கதவைத் திறக்கமாட்டான். உள்ளுக்கை இன்னும் பொடியள் இருக்கிறாங்கள், பிள்ளை. நீரும் வாய் திறவாதேயும்."

அம்மா வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் தலைவரைத் துரோகிப் பட்டம் கட்டி, அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். செய்தி வந்த அன்று ஊரில் ஒரு கடையும் பூட்டவில்லை. அண்ணை சேர்ட்டை மாட்டிக்கொண்டு செத்தவீட்டுக்கு வெளிக்கிட, அம்மா வாசல் படலையை மறித்து நின்றார்.

"நீ அங்கை நிண்டதைக் கண்டா நாளைக்கு உன்னையும் சுடுவாங்கள். நான் போறன்."

தனியாகப் போய்வந்தார். "பெட்டி தூக்கவும் ஆள் காணாது" என்று மட்டும் சொன்னார்.

இந்த வருடம் தலைவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். கட்டுக்கட்டாக மாலைகள். பேசியவர்களில் ஒருவர், "கடைசிவரை எந்த அமைச்சருக்கும் கை கொடுக்காத மானஸ்தன்" என்று முழங்கினார். கைதட்டினார்கள். அன்று துரோகி என்றவர்களுக்கும் அவரைத் தெரியாது, இன்று மானஸ்தன் என்பவர்களுக்கும் தெரியாது. எழுந்து சொல்லலாம் என்று நினைத்தேன். இனிச் சொல்லி எந்தக் கதவு திறக்கப் போகிறது? எழும்பி வந்துவிட்டேன்.

நடக்காது என்று தெரிந்தும், அவரை ஒருமுறை சந்திக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. அந்த விருந்தில் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று கேட்கவேண்டும். ஆனால் பேச்சை அவர்தான் தொடங்குவார். "அண்ணை எப்பிடி, சுகமாய் இருக்கிறாரோ?" என்பதுதான் அவருடைய முதற் கேள்வியாக இருக்கும்.

தலைவர் போய்ச் சில வருடங்களில், தீவுகளுக்குள் சண்டை வந்தபோது, வேலணைப் பக்கம் நடந்த சுற்றிவளைப்பில் அண்ணை மறுபடியும் பிடிபட்டார். அப்போது போய் அழுவதற்கு ஒரு விறாந்தை இருக்கவில்லை. இன்றுவரை அவர் வரவில்லை.

"ஓம் ஐயா, சுகமாய் இருக்கிறார்" என்றுதான் நான் சொல்வேன்.