தோட்டத்தின் பெயரில் ஒரு கடை

கப்பலை விட்டு நாகப்பட்டினத்தில் இறங்கியபோது இந்தியாவில் எனக்குத் தெரிந்த ஊர் ஒன்றுதான். அதையும் நான் பார்த்ததில்லை. என் மனைவி சொல்லக் கேட்டதுதான். அவள் தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் பிறந்தவள். தகப்பனார் இறந்த பிறகு, சிறு பெண்ணாக, சித்தப்பா குடும்பத்தோடு மலேயாவுக்கு வந்தாள். அவர்கள் இருந்தது வேறு தோட்டம், என்னைக் கட்டிக்கொண்டுதான் எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். நான் அங்கேயே, ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் பிறந்தவன். என் பெற்றோர் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளும் வயது எனக்கு வருமுன் இருவரும் காய்ச்சலில் போய்விட்டார்கள். சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அவளுடைய ஊர்தான். தென்காசிக்கு டிக்கெட் எடுத்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்துவிட்டான். அந்த இரண்டு வருஷத்தைத்தான் நான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருக்கிறேன். விடியும் முன் இருவரும் ஒரே நிரையில் பால்மரம் வெட்டப் போவோம், பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்க. மத்தியானம் மழை பிடித்துக்கொள்ளும். மலேயா மழை சும்மா பெய்யாது, கூரையைப் போட்டு அடிக்கும். அவள் வாசலில் உட்கார்ந்து அதை வைவாள். "இதெல்லாம் ஒரு மழையா? எங்கூர்ல வந்து பாருங்க. வெயிலும் அடிக்கும், சாரலும் விழும். குத்தாலத்துலேர்ந்து காத்து வந்து மூஞ்சியத் தடவிட்டுப் போவும்." நான் சிரிப்பேன். ஒருநாள் கூட்டிப் போகிறேன் என்பேன்.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், சில மாத வேலைதான், வயிறாரச் சோறு உண்டு என்று சொல்லித் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். வர மாட்டேன் என்றவனைத் துப்பாக்கியைக் காட்டி ஏற்றினார்கள். லாரி நகரும்போது அவள் ஓடி வந்து, அவித்த மரவள்ளிக்கிழங்கை வாழையிலையில் சுற்றி என் கையில் திணித்தாள். "வெரசா வந்துருங்க" என்றாள். சந்தைக்குப் போகிறவனிடம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

அந்தக் காட்டைப் பற்றி நான் அதிகம் சொல்வதில்லை. மூங்கில் கொட்டகைகளில் கிடந்தோம். பகலெல்லாம் மண் சுமந்தோம், கட்டை சுமந்தோம். மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. காலையில் என் பக்கத்தில் நின்று கூடை தூக்கியவனைச் சாயங்காலம் நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறேன். என் காலில் புண் வந்து எலும்பு தெரிந்தது, அதோடும் பிழைத்தேன். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகக் கொஞ்சம்.

சண்டை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பினேன். எங்கள் லயத்து அறையில் வேறு ஒரு குடும்பம் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒன்னத் தேடித்தான்யா அது போச்சு" என்றாள். "பொம்பளைங்களும் வேலைக்கு வரலாம், புருசங்கிட்டக் கொண்டுபோய் விடறோம்னு லாரி வந்துச்சு. வேணாம்னு எவ்வளவோ சொன்னோம். கேக்கல."

நான் தெற்கே திரும்ப வழி பார்த்துக் கிடந்த காலத்தில் அவள் என்னைத் தேடி வடக்கே வந்திருக்கிறாள். அதன் பிறகு சில வருஷங்கள் ஊர் ஊராக அலைந்தேன். ஆஸ்பத்திரிகள், அகதி முகாம்கள், அநாதை விடுதிகள், எங்கும் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அலைந்த காலத்தில் சோற்றுக்காக ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். தேய்ந்த லாரி டயரைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, அச்சில் வைத்து வேகவைத்து மறுபடி ஓட வைக்கும் வேலை. அதைக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒருநாள் தோன்றியது: பிழைத்திருந்தால் அவள் எங்கே போவாள்? எந்த ஊரைப் பற்றி ஓயாமல் பேசினாளோ அங்கேதானே போவாள்.

தென்காசி ஸ்டேஷனில் இறங்கிப் பெட்டியோடு திகைத்து நின்றேன். "அண்ணாச்சி, அங்கன நிக்காதிய, இங்கன வாங்க" என்று ஒரு குரல். சட்டென்று திரும்பினேன். மீசை வைத்த ஒரு போர்ட்டர். எங்கள் தோட்டத்தில் எல்லா ஜில்லாத் தமிழும் கலந்து ஒரு பேச்சு இருந்தது. அவள் ஒருத்திதான் அங்கன, இங்கன என்று பேசுவாள். மற்றவர்கள் கேலி செய்வார்கள். இங்கே ஊரே அவள் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தது. பூக்காரி பேசினாள், ஜட்கா வண்டிக்காரன் பேசினான். பெட்டி மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குத்துக்கல்வலசையில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. என் மாமியார் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். அவள் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"எம்மவ எங்க?"

"தேடிட்டிருக்கேன் அத்தை. இங்கே வந்திருப்பாளோன்னு..."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சாப்பாட்டுக்குக் கஷ்டப்படப்பிடாதுன்னுதான் அனுப்புனேன்" என்றாள். பிறகு எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்டவன்தான், அவள் இருக்கும் வரை அவள் கையால்தான் சாப்பிட்டேன்.

ஊரில் என்னைப் 'பினாங்குக்காரர்' என்றார்கள். நான் பினாங்கில் இருந்ததே இல்லை. கடலைத் தாண்டி வந்தவன் எல்லாருக்கும் அந்தப் பெயர்தான். என்ன தொழில் தெரியும் என்று கேட்டால் டயர் என்பேன். ஜோலி கெட்ட வேலை என்பது போலப் பார்ப்பார்கள். அப்போதுதான் கடையநல்லூர் பாய் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கைத்தறிச் சேலைகளை லாரியில் ஏற்றி மலை தாண்டி மலையாளத்துக்கு அனுப்புகிறவர். மலைப்பாதை டயரைத் தின்றுவிடும். புது டயர் கிடைப்பதோ குதிரைக் கொம்பு.

"வழுக்கையாப் போன டயர்ல முடி மொளைக்க வைப்பேங்கியளாமே, நெசந்தானா?" என்றார்.

"ஒரு கொட்டகையும் அச்சும் இருந்தால் செய்யலாம்" என்றேன்.

குற்றாலம் போகும் ரோட்டில் அவருடைய சரக்குக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. கோயம்புத்தூரில் ஒரு பழைய அச்சைப் பிடித்தோம். ரப்பர் புனலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. செங்கோட்டை அப்போது இன்னும் திருவாங்கூரைச் சேர்ந்திருந்ததால் சோதனைச் சாவடியில் நிறுத்தி நிறுத்தி வரும். முதல் மூட்டையைப் பிரித்தபோது எழுந்த, புகைபோட்ட ரப்பரின் வாடை எங்கள் லயத்துக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. அவள் சேலையில் எப்போதும் இருந்த வாடை அது. கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

முதல் ஜோடி டயரைப் பாய் தன் லாரியிலேயே மாட்டினார். வழியில் வெடித்தால் நானும் இருக்க வேண்டும் என்று அவரோடு ஏறிக்கொண்டேன். ஆரியங்காவு தாண்டியதும் மலைச்சரிவில் ரயில் பாதை தெரிந்தது. காடு, பள்ளம், உயரமான கல் பாலம், அதன்மேல் தண்டவாளம். எனக்குத் தெரிந்தது சயாம் காடு. டயரைப் பார்க்க வேண்டிய இடம் அது. பாய் வண்டியை நிறுத்தப் போனார்.

"இங்கே வேண்டாம் பாய். போங்க, போங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கியரை மாற்றி வண்டியை விட்டார். புனலூரில் டீ குடிக்கும்போது நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். இந்தியாவுக்கு வந்து நான் முழுசாகச் சொன்னது அவர் ஒருவரிடம்தான். டீ ஆறிப்போய்விட்டது. அவர் என் தோள்மேல் கையை வைத்து, "டயரு நல்லா நிக்குது அண்ணாச்சி, கடைக்குப் பேரு என்ன வைக்கப் போறிய?" என்று கேட்டார்.

யோசிக்கவே இல்லை. எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். ஆங்கிலப் பெயர். தென்காசியில் யாருக்கும் வாயில் நுழையாது. சாமி பேரு வைக்கலாமே என்று பலர் சொன்னார்கள். ஆனால் அந்தத் தோட்டத்தைச் சேர்ந்த யாராவது ஒருவர் இந்த ரோட்டில் போனால் நிற்பார் என்று எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் போர்டு எழுதச் சொன்னேன்.

தொழில் நன்றாகவே வந்தது. சீசன் மாதங்களில் குற்றாலத்துக்கு எங்கெங்கிருந்தோ பஸ்கள் வரும். எங்கள் வாசலில் வரிசை நிற்கும். ஆட்கள் வைத்தேன், இன்னொரு அச்சு வாங்கினேன், செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு அங்கேயும் ஒரு கடை திறந்தேன். மாமியார் என்னோடு தென்காசிக்கே வந்துவிட்டாள். உறவில் பெண் பார்க்கட்டுமா என்று அவளே சில தடவை கேட்டாள். "அவ வந்தா என்ன சொல்லுவேன் அத்தை?" என்பேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். சாரல் விழுகிற நாட்களில் வேலையை விட்டுவிட்டு ரோட்டில் போய் நிற்பேன். என் மனைவி சொன்னது சரிதான், முகத்தைத் தடவிவிட்டுத்தான் போகும். அதைச் சொல்வதற்கு அவள் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசன். கடையத்திலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்களை ஏற்றி வந்த ஒரு பஸ் கடைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. ஒரு நடுவயது அம்மாள் இறங்கி வந்து போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பேர யாருங்க வச்சது?"

பேச்சைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, மலேயாக்காரி. எங்கள் தோட்டத்துக் கீழ் லயத்தைச் சேர்ந்தவள். புருஷனோடு கடையத்தில் வந்து குடியேறியிருந்தாள். நான் என் மனைவியின் பெயரைச் சொன்னேன். அவள் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே ரயில்லதாங்க போனோம்" என்றாள். "எங்களை ஆத்தோரத்துல ஒரு காம்ப்புல எறக்கிட்டான். புருசங்கிட்ட எங்க விட்டான்? சமையலுக்குப் போட்டான். ரோட்டுல போற ஆளுங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அது உங்க பேரைச் சொல்லிக் கேக்கும். ரெண்டாவது மழையில அதுக்குக் காய்ச்சல் வந்துச்சு. நாந்தான் பக்கத்துல இருந்தேன்."

"வலி இருந்துச்சா?"

"கடைசில இல்லைங்க. தூங்குன மாதிரி போச்சு."

அது எந்த முகாம் என்று கேட்டேன். சொன்னாள். அந்த முகாமை எனக்குத் தெரியும். எங்களைக் கட்டை சுமக்க வைத்து அதன் ஓரமாக ஒருமுறை நடத்திப் போயிருக்கிறார்கள். உள்ளே வாந்திபேதி என்று நிற்க விடவில்லை. அன்று அவள் அங்கே இருந்தாளா, அதற்கு முன்பா, பின்பா என்று அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை. எனக்கும் இனி தெரியப் போவதில்லை.

வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "நீங்க ஒத்தையில வந்து நின்ன அன்னைக்கே எனக்குத் தெரியும் மாப்ளே" என்றாள். "ஒங்களுக்காகத்தான் வாயத் தொறக்கல. நம்பிட்டு இருக்கிற மனுசன்ட்ட என்னத்தச் சொல்ல?"

ஆடி அமாவாசைக்கு இருவரும் குற்றாலத்துக்குப் போனோம். அருவிக்கரையில் ஒரே கூட்டம். குளித்துவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்தோம். ஐயர் எள்ளைக் கையில் கொடுத்து, பெயரைச் சொல்லுங்கள் என்றார். அத்தனை வருஷமாக ஊர் ஊராகச் சொல்லிக் கேட்ட பெயர், அன்று வாயில் வரவில்லை. அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து ஐயர் மறுபடி கேட்டார். மாமியார்தான் சொன்னாள், நிதானமாக, கூப்பிடுவது போல. நான் தண்ணீரை விட்டேன்.

மாமியார் அதற்குப் பிறகு சில வருஷங்கள் இருந்தாள். பாய் இன்றும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். எனக்குத் தலை நரைத்துவிட்டது. மனைவியை நினைத்தால் மட்டும் இருபது வயதுப் பெண்ணாகவே வருகிறாள். சில சமயம் ஒரு மகளை நினைப்பது போலக்கூட இருக்கிறது. நேற்று சின்ன விஷயம் ஒன்று: அவள் எந்தக் கையால் பால்கத்தியைப் பிடிப்பாள் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். இடது கை என்று ஒரு சமயம் தோன்றியது, வலது கை என்று ஒரு சமயம். அந்த நிரையில் அவளோடு நின்று வெட்டியவன் நான் ஒருவன்தான், கேட்டுத் தெரிந்துகொள்ள உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை. சாயங்காலம் வரை அதே நினைப்பாக இருந்தேன்.