கரண்ட் போன மத்தியானங்கள்

போன வாரம் சமையலறைக் குழாய் ஒழுகுகிறதென்று பிளம்பரை வரச் சொல்லியிருந்தோம். அவர் பி.வி.சி. பசை டப்பாவின் மூடியைத் திறந்ததுதான் தாமதம், அந்த வாடை நேராக வந்து என் நெற்றிப் பொட்டில் உட்கார்ந்துகொண்டது.

"இன்னாக்கா, வாடை ஒத்துக்கலையா? ஜன்னலத் தொறந்து வுடுங்க" என்றார் பிளம்பர்.

ஒத்துக்கொள்ளாமல் என்ன? ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் சாம்பிராணிக்குப் பதில் அந்த வாடைதான். வெள்ளிக்கிழமை தவறினாலும் அது தவறாது. அவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? பேசாமல் வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் கடலூர் வந்துவிட்டது.

அப்போது நாங்கள் புதுப்பாளையத்தில் ஒரு கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஏழுமலைக்குச் சிதம்பரத்தில், கீழவீதிப் பக்கம், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். நான் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். டீச்சர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூக்குத் துடைப்பதும், மாறிப்போன செருப்புகளை உரிய கால்களில் சேர்ப்பதும்தான் பாதி வேலை.

கல்யாணமாகி மறு வருஷம் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. இத்தனை வருஷம் கழித்தும் அதை ஒரே வரியில்தான் எழுத வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று இழுத்து இழுத்து "குட் மார்னிங் மிஸ்" என்று சொல்லும் இல்லையா, அதைக் கேட்கும் தைரியம் வரவில்லை.

இவர் அழவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

"இன்னாங்க இது?"

"கடல் மீனு வளக்கலாம்னு."

"கடலுதான் கூப்புடு தூரத்துல கெடக்குதே."

"அது ஊருக்கு. இது நம்ம வூட்டுக்கு" என்றார்.

இவர் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காட்டில் பிறந்து வளர்ந்தவர். தேவனாம்பட்டினம் போனால் கணுக்கால் நனைகிற இடத்திலேயே நின்றுவிடுவார். அலை கொஞ்சம் சத்தமாக வந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அப்படிப்பட்டவருக்கு எங்கிருந்து கடல் ஆசை வந்ததென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாங்கள் எதையுமே கேட்டுக்கொள்ளாத காலம் அது.

அதன் பிறகு எங்கள் ஹால் பட்டறையாகிவிட்டது. நல்ல தண்ணீர் மீனுக்கு ஒரு சின்ன மோட்டார் போதும், கடல் மீனுக்கு ஊர்ப்பட்ட சாமான் வேண்டுமாம். அதெல்லாம் கடையில் விற்கிறது, ஆனால் இவருக்கு எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்ய வேண்டும். மேல் தொட்டித் தண்ணீர் தானாகக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்புக்கு இறங்கவும், அங்கே மணலில் வடிந்து மோட்டாரில் திரும்ப மேலேறவும் குழாய்களை வளைத்து வளைத்து ஒட்டினார். தண்ணீர் சூடாகாமல் இருக்க, கடையில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களின் குட்டி மின்விசிறிகளைத் தொட்டியின் விளிம்பில் வரிசையாகத் திருகினார்.

எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் நுரைக் குழாய். ஒரு தடித்த குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் சவுக்குக் கட்டைத் துண்டு ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே காற்றை அடைப்பார். கட்டையின் நரம்புகளிலிருந்து மாவு மாதிரிப் பொடிக் குமிழிகள் கிளம்பும். தண்ணீரில் உள்ள அழுக்கெல்லாம் அந்தக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி, தலையில் கவிழ்த்திருக்கும் மினரல் வாட்டர் பாட்டிலில் வந்து விழும். பழுப்பாக, கெட்டியாக இருக்கும். ஒருநாள் அவர் பாட்டிலைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போக, நான் டிகாக்‌ஷன் என்று நினைத்துப் பாலில் ஊற்றப் போனேன். மூக்கு என்னைக் காப்பாற்றியது.

மொபெட்டில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் வந்தது. துறைமுகத்தில் இவருக்குப் பழக்கமான சிங்காரவேலு மாமா, வலையில் சிக்கி வந்த கல்லொன்றைக் கொடுத்தார். தேன்கூடு மாதிரி உள்ளெல்லாம் பொந்து.

"ஓட்ட ஓட்டையா கீதே, மீனு பூந்து வெளையாடும். தூக்கினு போ மாப்ள" என்றாராம்.

கோடு போட்ட கீச்சான் மீன் குஞ்சுகளும், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளும் வந்து சேர்ந்தன. எல்லாச் சாமானும் சேர்ந்து ஓடும்போது கொப்பளிப்பும் உறிஞ்சலும் முனகலுமாக, பெரிய ஆள் ஒருவர் ஹாலில் மல்லாந்து படுத்துக் குறட்டை விடுவது போல் இருக்கும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அந்தக் குறட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை என்றானது.

அந்த வருஷங்களின் மின்வெட்டு உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவில் தினமும் மத்தியானம் போகும். கரண்ட் போனால் தண்ணீரில் காற்று குறையும், மீன்கள் மூச்சுத் திணறும். அதனால் இவர் ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார்.

"கரண்ட் போச்சுன்னா சொம்புல மொண்டு மொண்டு மேலேர்ந்து ஊத்திக்கினே இரு. அது போதும்."

கரண்ட் போகும் அந்த நொடியைத்தான் நான் சொல்ல வேண்டும். குறட்டை சட்டென்று நிற்கும். குழாய்க்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் ஒரு மடக்கு விழுங்கி அடங்கும். தெருவில் ஒரு வீட்டிலும் மிக்சி இல்லை, டிவி இல்லை, மின்விசிறி இல்லை. வெயில் மட்டும் இருக்கும். யாரோ நம்மைக் கவனித்துக் கேட்டுக்கொண்டிருப்பது போன்ற அமைதி அது.

அப்படியொரு மத்தியானம் சொம்பைத் தண்ணீரில் விட்டபோது, கல்லின் அடிப்பொந்திலிருந்து ஏதோ வெளியே வந்தது. முதலில் நுனிகள். பிறகு மெல்ல விரிந்தன. ஐந்து. வெளுப்பாக, இடையிடையே கணு வைத்தது போல் வரிகளோடு. அவை தண்ணீரைத் தடவின. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை மேலே எதையோ பிடிக்கப் பார்ப்பது போல மூடித் திறந்தன.

சொம்பு கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அவை உள்ளே இழுத்துக்கொண்டன.

அன்று சாயங்காலம் இவர் வந்ததும் சொன்னேன். "கல்லுக்குள்ள ஒரு கை இருக்குதுங்க. சின்னக் கை."

இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். பிறகு டார்ச் அடித்துக் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"நண்டுக் காலா இருக்கும்."

"அஞ்சு வெரலுங்க. நான் பாத்தேன்."

"சரி, நீ படு" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. பயம் இருந்தது. என்னைப் பார்த்து.

நான் அதற்குப் பிறகு சொல்லவில்லை. சொல்லாமல் என்ன செய்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. மத்தியானத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். கரண்ட் போனதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்துகொள்வேன். அது வரும். எல்லா நாளும் இல்லை. அமைதி நீண்டுகொண்டு போகும் நாட்களில் வரும். குழம்புக்கு வாங்கிய இறாலில் ஒன்றை எடுத்துப் பொந்தின் வாயில் போடுவேன். விரல்கள் அதைத் தடவித் தடவிப் பார்க்கும். பிறகு ஒரு சொடுக்கு. இறால் இருக்காது. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இன்னும் வேணுமாடி?" என்று கேட்டிருக்கிறேன். "டி" போட்டுத்தான் பேசினேன். பெண் என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

இதற்கிடையே கீச்சான்கள் குறைய ஆரம்பித்தன. செத்து மிதந்தால் காரணம் தேடலாம். இவை காணாமல் போயின. ஒரு முள், ஒரு செதில்கூட மிச்சமில்லை. இவர் தண்ணீரைச் சோதித்தார், குழாய்களைப் பிரித்து மாட்டினார். எலி என்றார், பூனை என்றார். ஒருநாள் என்னைப் பார்க்காமல், குழாயை இறுக்கிக்கொண்டே கேட்டார்: "நான் இல்லாதப்போ நீ எதனா... மீனைக் கைல புடிச்சியா?"

அந்த வாரமே என்னைச் சிதம்பரத்தில் இவருடைய அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். தெற்குச் சன்னதிக்குப் பக்கத்துத் தெரு. வளர்மதி அண்ணி நல்லவர். என் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார். டாக்டரிடம் கூட்டிப் போனார். கோயிலுக்கும் கூட்டிப் போனார். எதில் குணமானாலும் சரி என்ற கட்சி.

"மனசுல வச்சினு இருந்தா கண்ணுல தெரியும்டி. எனக்கும் ஒண்ணு போச்சு. கொஞ்ச நாளு யாரோ கொல்லப்பக்கம் அழுவுற மாதிரியே இருக்கும்" என்றார் அண்ணி.

மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினேன். விழித்திருந்த நேரத்தில், அங்கே மத்தியானம் யார் இறால் போடுவார்கள் என்று யோசித்தேன். எனக்குப் பைத்தியம்தான் என்று நானே முடிவு கட்டியது அங்கேதான். அந்த முடிவில் ஒரு நிம்மதிகூட இருந்தது, கேளுங்கள். பைத்தியமென்றால் கை பொய். கை பொய்யென்றால் அது பசியோடு காத்திருக்காது.

வருஷக் கடைசியில் இவர் என்னைக் கடலூருக்குத் திரும்ப அழைத்து வந்தார். வந்த கையோடு 'தானே' புயல் வந்தது. அந்தக் காற்றை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அனுபவிக்காதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. விடிந்து காற்று ஓய்ந்தபோது எங்கள் தெருவில் மரம் என்று ஒன்று நிற்கவில்லை. மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் அடியோடு சாய்ந்துவிட்டதாக வழியில் போனவர்கள் சொன்னார்கள். ஊருக்குப் போக ரோடு இல்லை. இவர் சொம்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார்.

அன்று முழுக்கவும் மறுநாளும் மாற்றி மாற்றி ஊற்றினோம். தண்ணீர் சோறு வடித்த கஞ்சி போல் வெளுத்தது. மிச்சமிருந்த கீச்சான்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. கை ஓய்ந்து இவர் சொம்பைக் கீழே வைத்தார். அப்போது மத்தியானம். புயலில் திரை பறந்துபோன ஜன்னல் வழியாக வெயில் நேராகத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

விரல்கள் வந்தன.

இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அவை திரும்பிப் போகவில்லை. விரல்களுக்குப் பின்னால் உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தலை இருந்தது. அதில் இடுக்கி போல் விரியும் தாடை. அதற்குப் பின்னால் உடம்பு, என் கட்டை விரல் தடிமன், மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீர் போல் நிறம் மாறி மாறி மின்ன, இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கால்கள் அலையடிக்க, வந்துகொண்டே இருந்தது. தொட்டியின் இந்த மூலைக்கு வந்து, திரும்பி, அந்த மூலைக்குப் போனது. வால் இன்னும் கல்லுக்குள்தான் இருந்தது. அத்தனை நாளும் அது எங்களோடு அந்த ஹாலில் குடியிருந்திருக்கிறது.

இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கடல் பூரான்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ சொன்னது நெசந்தான்" என்றார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பைத்தியமில்லை என்று அண்ணிக்கு, டாக்டருக்கு, எல்லாருக்கும் சொல்லலாம். ஆனால் எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நாள் போலவே இருந்தது. அந்த நிமிஷம் வரைக்கும் அது ஒரு கை.

இவர் எழுந்து போய் அடுப்பங்கரையிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்தார்.

"அடிக்காதீங்க. நான் சோறு போட்டது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். இடுக்கியை ஓரமாக வைத்துவிட்டுப் பெரிய பக்கெட்டை எடுத்துவந்தார். கல்லை ஆட்டியதுமே அது விறுவிறுவென்று பொந்துக்குள் சுருட்டிக்கொண்டது. கல்லோடு தூக்கிப் பக்கெட்டில் வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்கித் தேவனாம்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். கரையில் படகுகள் உடைந்து கிடந்தன. அலை இன்னும் சேறாக வந்தது. கணுக்காலுக்கு மேல் நனையாத மனுஷன், பக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்து போனார். குனிந்து கல்லை உள்ளே வைத்தார். விசிறியடித்து விடவில்லை, வைத்தார்.

திரும்பி வந்து ஈர மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வூட்ல எதனா ஒரு உசுரு இருக்கட்டும்னுதான் செஞ்சேன்" என்றார். "அஞ்சு மாசம். வெரலு வந்திருக்கும், இல்ல?"

"வந்திருக்கும்" என்றேன்.

அப்போதுதான் அவர் அழுதார். நானும்.

கரண்ட் திரும்ப வர வாரக்கணக்கானது. அதற்குள் குழாய்களும் மோட்டாரும் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன. அந்தப் போர்ஷனை இடித்து இப்போது துணிக்கடை வந்திருக்கிறது. சிங்காரவேலு மாமா காலமாகிவிட்டார். எங்களுக்கு அடுத்து ஒரு மகன் பிறந்தான். மீன் குழம்பில் மீனைத் தொடமாட்டான், அவனிடம் இந்தக் கதையைச் சொன்னதில்லை. மின்வெட்டும் போய்விட்டது. எப்போதாவது கரண்ட் நின்றால் இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்கிறது, மின்விசிறி ஒரு சுற்றுகூடத் தயங்குவதில்லை. நல்லதுதான். ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் நின்று, வெயில் மட்டும் மிச்சமிருக்கும் அந்த மத்தியான அமைதி இப்போது எந்த வீட்டிலும் இல்லை. அதற்குள் கொஞ்ச நாள் எனக்கு ஒரு மகள் இருந்தாள்.