ஒரே ஒலி, வேறு எழுத்து

ஷிப்ட் புத்தகத்தில் நான் எழுதிய வரி இன்னும் கண்முன் நிற்கிறது: மூன்றாம் எண் பிரஸ், பிரேக் லேட். அவசரமாக ஆங்கிலத்தில் எழுதியது. ஓசூரில் தகடு அழுத்தும் ஒரு தொழிற்சாலையில் அப்போது நான் சூப்பர்வைசர். அன்று அந்த இயந்திரம், நிறுத்தினாலும் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் நின்றது. அதைத்தான் எழுதினேன். ஆனால் இயந்திரத்தை நிறுத்தும் பிரேக்குக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து முறை, டீ குடிக்க விடும் பிரேக்குக்கு வேறொன்று. நான் எழுதியது டீக்கு உரியது. அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசர், அங்கே டீக்கு விட நேரமாகிவிட்டது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார். வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் பஸ்ஸுக்கு ஓடியிருந்தேன்.

அன்று மதியம் அந்த பிரஸ்ஸில் உட்கார்ந்தவர் அஞ்செட்டிப் பக்கத்துப் பெண். வயதில் மூத்தவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அக்கா. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணையில் மேனேஜர் புத்தகத்தைப் புரட்டி, "டீ பிரேக்தானே?" என்றார். ஆமாம் என்றேன். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். எனக்குப் பயம்கூட வரவில்லை. வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

பத்து நாள் கழித்து அவர் ஊருக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது சார்" என்றார். பிறகு, "இத கம்பெனியில சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"அப்பறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

கோபமில்லாமல்தான் கேட்டார். மாடு குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் எல்லாவற்றையும் தமிழில் எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். அக்காவின் பேரில் இருந்த கவனக்குறைவு என்ற வரியை அடித்தார்கள். நஷ்டஈடும் பேக்கிங்கில் வேலையும் கிடைத்தன. என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். நியாயம்தான்.

இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"குளிரடிச்சா இல்லாத விரலுதான் சார் வலிக்குது."

இடது கையால் கம்பியைப் பிடித்து பஸ்ஸில் ஏறினார். எனக்குள் ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். பஸ் போய்விட்டது.